பேனாவுக்குக் கூலி கேட்ட 12 பேர்!

கேரள எழுத்தாளர்கள் சொந்தக் காலில் நின்ற கதை

பகலில் கம்பெனிக் கணக்கு. இரவில் கதை, கவிதை. வெளிமாநிலங்களில் வேலை பார்க்கும் தமிழர்களிடையே இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அறையில் கூடத் தங்கியிருப்பவர்கள் தூங்கிய பிறகு, விளக்கு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிறவர்களும் உண்டு. நோட்டு நிரம்பும், பெட்டியும் நிரம்பும். ஒரு நாள் அந்தக் கேள்வி மனதில் எழும்.

"எழுதிப் பிழைக்க முடியுமா?"

ஊரில் பெரியவர்களிடம் கேட்டால், "பாரதியாரே வறுமையில் வாடினார், நீ எம்மாத்திரம்?" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதுவே முழுப் பதிலும் ஆகாது.

தமிழ்நாட்டுக்கு அடுத்த வீடான கேரளத்தில், இதே கேள்வியைக் கேட்டு, பதிலைத் தாங்களே தேடிக்கொண்ட எழுத்தாளர்கள் இருந்தார்கள். ஒருவர் தம் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று விற்றார். வேறு பன்னிரண்டு பேர் 120 ரூபாய் முதல் போட்டுச் சங்கம் வைத்தார்கள். அந்தக் கதைதான் இது.

எழுதியவனுக்கு மிஞ்சியது என்ன?

முதலில் புத்தகத் தொழிலின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு புத்தகம் வெளிவர வேண்டுமானால் காகிதம் வாங்க வேண்டும். அச்சகத்தில் எழுத்துக் கோக்க வேண்டும். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று கணக்கிட்டு அச்சடித்து, மடித்து, தைத்து, அட்டை போட வேண்டும். இத்தனைக்கும் பணம் முன்னதாகவே வேண்டும். கடைக்காரரோ கமிஷன் கழித்துக்கொள்வார். புத்தகத்தைக் கடனுக்கு எடுப்பார். விற்ற பிறகுதான் காசு கொடுப்பார். விற்காத பிரதி திரும்பி வந்துவிடும்.

காகிதக் கடைக்காரருக்குக் கூலி உண்டு. அச்சுக்கோப்பவருக்கு உண்டு. பைண்டருக்கு உண்டு. கடைசியில் நிற்பவர் எழுதியவர்.

அந்நாளில் பல எழுத்தாளர்கள் ஒரு சிறு தொகையை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, புத்தகத்தின் உரிமையையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் அரிசி இல்லாதபோது வேறு வழி தெரியாது. அதன் பிறகு அந்தப் புத்தகம் பத்துப் பதிப்பு கண்டாலும் எழுதியவருக்கு ஒரு காசு வராது. விதை நெல்லை விற்றுச் சாப்பிட்ட கதைதான்!

வேலை தேடிப் போனவர் எழுத்தாளர் ஆனார்

வைக்கம் முகமது பஷீர் பெயரைக் கேள்விப்படாத மலையாளி இல்லை. 1908-ல் வைக்கத்தை அடுத்த தலயோலப்பரம்பில் பிறந்தவர். பிற்காலத்தில் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் சாகித்திய அகாடமியின் உயரிய கௌரவமும் கிடைத்தன. ஆனால் அவர் தொடங்கிய இடம் வேறு.

இளம் வயதிலேயே சுதந்திரப் போராட்டத்தில் குதித்தார். 1930-ல் கோழிக்கோட்டில் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு கண்ணூர் சிறைக்குப் போனார். பிறகு ஊர் ஊராக, வருஷக்கணக்கில் இந்தியா முழுவதும் சுற்றினார். செய்யாத வேலை இல்லை. சமையல் செய்தார், பத்திரிகை விற்றார், பழம் விற்றார், காவல்காரராக இருந்தார், கணக்கு எழுதினார், சாமியார்களோடும் சூபி ஞானிகளோடும் திரிந்தார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்கள் படும் பாடு அத்தனையும் அவர் பட்டதுதான்.

கேரளத்துக்குத் திரும்பிய பிறகு, சியால்கோட்டில் இருந்த விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்டாக இருந்தார். சைக்கிள் விபத்தில் அடிபட்டுப் படுத்தார். ஏஜென்சியும் போயிற்று.

உடம்பு தேறியதும் மறுபடி வேலை தேடி அலைந்தார். அப்படி ஒரு நாள் 'ஜயகேசரி' என்ற பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தார். அங்கே ஆசிரியரும் ஒருவர், சிப்பந்தியும் அவரேதான்! வேலை கொடுக்க வழியில்லை. கதை எழுதிக் கொடுத்தால் பணம் தருவதாக அவர் சொன்னார். அப்படித்தான் 1937-ல் 'என்றெ தங்கம்' என்ற முதல் கதை அச்சேறியது.

குமாஸ்தா வேலையோ எடுபிடி வேலையோ கிடைத்திருந்தால் போதும் என்று போனவர், அன்று முதல் எழுத்துக்குக் கூலி வாங்கத் தொடங்கினார்.

வீடு வீடாக விற்பனை

திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியைக் கண்டித்து எழுதியதற்காகப் பஷீர் மறுபடி சிறை சென்றார். திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் இருந்தபோது 'பிரேமலேகனம்' என்ற சிறு நாவலை எழுதினார். அது 1943-ல் புத்தகமாக வந்தது. மறு வருஷமே திருவிதாங்கூர் சமஸ்தானம் அதற்குத் தடை விதித்தது.

அதே 1944-ல் 'பால்யகால சகி' வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் பேராசிரியர் எம்.பி. பால். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மீண்டும் வருவார்.

இந்தக் காலத்தில்தான் பஷீர் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். தம் புத்தகத்தைத் தாமே வெளியிடுவது, தாமே விற்பது. அச்சான பிரதிகளை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போவார். கதவைத் தட்டுவார். எழுதியவரே வாசலில் நின்று புத்தகத்தை நீட்டுவார்!

இது கௌரவக் குறைச்சல் என்று அவர் நினைக்கவில்லை. பழம் விற்ற கைக்குப் புத்தகம் விற்பதில் என்ன வெட்கம்?

இதில் ஒரு தொழில் நுட்பமும் இருக்கிறது. பஷீரின் புத்தகங்கள் பெரும்பாலும் மெலிந்தவை. பக்கம் குறைந்தால் பாரம் குறையும். பாரம் குறைந்தால் செலவும் விலையும் குறையும். விலை குறைந்தால் கூலி வேலை செய்கிறவரும் வாங்குவார். எட்டணாவை எண்ணிச் செலவு செய்கிறவனிடம் தலையணை போன்ற நாவலைக் கொண்டுபோய் விற்க முடியாது. சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னது இலக்கியத்துக்கும் நல்லதாயிற்று, வியாபாரத்துக்கும் நல்லதாயிற்று.

பிறகு எர்ணாகுளத்தில் 'சர்க்கிள் புக் ஹவுஸ்' என்ற புத்தகக் கடை வைத்தார். அதற்கு அடுத்து 'பஷீர்ஸ் புக் ஸ்டால்' என்று இன்னொரு கடை. எழுதுவது, அச்சிடுவது, விற்பது மூன்றும் ஒரே ஆளின் கையில்.

தனி ஆளின் கஷ்டம்

ஆனால் எல்லா எழுத்தாளரும் பஷீர் ஆகிவிட முடியாது. கதவைத் தட்டும் தைரியம் எல்லோருக்கும் வராது. பகலில் பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ இருப்பவருக்கு அதற்கு நேரமும் கிடையாது. தவிர, விற்கப் போகும் நேரமெல்லாம் எழுத முடியாத நேரம். கடையில் உட்கார்ந்தால் கதை நிற்கும். கதைக்கு உட்கார்ந்தால் கடை நிற்கும்.

அது உலகப் போர்க் காலம். காகிதத்துக்குப் பெரும் தட்டுப்பாடு. தனி ஆள் காகிதம் வாங்கி, அச்சகத்தாரைச் சமாளித்து, கடைக்காரரிடம் பாக்கி வசூலித்து, அதற்குப் பிறகு எழுதவும் வேண்டும் என்றால் ஆகிற காரியமா?

ஒருவர் தூக்க முடியாத மூட்டையைப் பலர் சேர்ந்தால் தூக்கலாம். கூலித் தொழிலாளிக்குத் தெரிந்த இந்த விஷயம் எழுத்தாளர்களுக்குப் புரிந்தது 1945-ல்.

முதல் 120 ரூபாய்

அந்த ஆண்டு கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் ஒன்றுகூடினார்கள். மொத்த மூலதனம் 120 ரூபாய். ஆளுக்குப் பத்து ரூபாய்க் கணக்கு! 'சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். பஷீரின் நாவலுக்கு முன்னுரை எழுதிய எம்.பி. பால்தான் முதல் தலைவர். சிறுகதை ஆசிரியர் காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர்.

சங்கத்தின் கொள்கை எளிமையானது. புத்தகம் எழுதுகிறவர்களே சங்கத்தின் உறுப்பினர்கள். அவர்களே பதிப்பாளர்கள். லாபம் முதலாளி ஒருவர் பைக்குப் போகாமல் எழுதியவர்களுக்கே போய்ச் சேர வேண்டும்.

நெசவாளர்கள் கூட்டுறவு வைத்தார்கள். பால்காரர்கள் கூட்டுறவு வைத்தார்கள். கதை எழுதுகிறவர்களும் கூட்டுறவு வைக்க முடியும் என்பது அன்றைக்குப் புதுமை.

சங்கம் வெளியிட்ட முதல் புத்தகம் 'தகழியின் கதைகள்'. அதை எழுதிய தகழி சிவசங்கர பிள்ளை அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர்.

பசித்த வாத்தியார்

செயலாளர் காரூரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவு பெறாது. அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அந்நாளில் வாத்தியார் சம்பளம் குடும்பம் நடத்தக் காணாது. ஆசிரியர்களை ஒன்று திரட்டிச் சங்கம் சேர்த்ததற்காக மேலிடத்தின் கோபத்துக்கும் ஆளானவர்.

அவர் எழுதிய 'பொதிச்சோறு' மலையாளத்தில் புகழ் பெற்ற சிறுகதை. பள்ளிக்கூடத்துக்கு மாணவன் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலம் காணாமல் போகிறது. எடுத்துச் சாப்பிட்டது யார் என்று பார்த்தால், பசி தாங்காத வாத்தியார்! பசி என்றால் என்ன, உழைப்புக்குச் சரியான கூலி கிடைக்காவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்பதெல்லாம் தெரிந்த மனிதரின் கை எழுதிய கதை அது.

அப்படிப்பட்டவர் எழுத்தாளர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். வாத்தியாருக்குச் சங்கம் வைத்தவர், எழுத்தாளனும் உழைப்பாளிதான் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

நூற்றுக்கு முப்பது

புத்தகம் விற்ற விலையில் எழுதியவருக்குச் சேரும் பங்குக்கு ராயல்டி என்று பெயர். இந்தியாவில் நூற்றுக்குப் பத்து கிடைத்தாலே நல்ல பதிப்பாளர் என்று சொல்வது வழக்கம். கோட்டயம் சங்கமோ நூற்றுக்கு முப்பது வரை கொடுத்துப் பெயர் வாங்கியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஐந்து ரூபாய்ப் புத்தகம் ஆயிரம் பிரதி விற்றால் வரவு 5,000 ரூபாய். பத்து சதவீதம் என்றால் எழுத்தாளருக்கு 500 ரூபாய். முப்பது சதவீதம் என்றால் 1,500 ரூபாய். முன்னது கடனை அடைக்கும். பின்னது சில மாதம் வேறு வேலை தேடாமல் அடுத்த புத்தகத்தை எழுத வைக்கும்.

1949-ல் 'நேஷனல் புக் ஸ்டால்' என்ற விற்பனை நிலையமும் சங்கத்தின் கைக்கு வந்தது. அச்சிடுவது மட்டுமல்ல, விற்பதும் எழுத்தாளர்கள் வசமாயிற்று. பஷீர் தனியாகச் செய்ததைச் சங்கம் கூட்டாகச் செய்தது.

வாங்கியவர்கள் யார்?

விற்கிறவர் இருந்தால் மட்டும் போதுமா? வாங்குகிறவர் வேண்டாமா? அதற்கும் 1945-லேயே விடை கிடைத்தது.

பி.என். பணிக்கர் என்ற இன்னொரு பள்ளி ஆசிரியர் அந்த ஆண்டில் 47 கிராம நூலகங்களை ஒன்று சேர்த்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தார். பிறகு அது கேரளம் முழுவதும் பரவியது. ஓலைக் கூரைக் கட்டடத்திலும் நூலகம் வந்தது. பீடித் தொழிலாளியும் படகுக்காரரும் மாலையில் வந்து படித்தார்கள். அவர் மறைந்த ஜூன் 19-ஆம் தேதியைக் கேரளத்தில் இன்றும் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒரு பக்கம் எழுத்தாளர் சங்கம். மறு பக்கம் நூலகச் சங்கம். நுகத்தடியின் இரண்டு பக்கமும் மாடு பூட்டினால்தானே வண்டி ஓடும்!

ஆலப்புழைத் தமிழர்கள்

இந்தப் புத்தகங்களில் தமிழர்களுக்கும் இடம் உண்டு. 1947-ல் தகழி எழுதிய 'தோட்டியுடெ மகன்' நாவலில் வருபவர்கள் ஆலப்புழை நகரின் துப்புரவுத் தொழிலாளர்கள். இசக்கிமுத்து, அவர் மகன் சுடலைமுத்து, பேரன் மோகனன் என்று மூன்று தலைமுறை. பெயர்களைக் கேட்டாலே எந்தச் சீமைக்காரர்கள் என்று தெரிந்துவிடும். பிழைக்க வந்த ஊரில் மற்றவர்கள் தொடாத வேலையைத் தொட்டவர்களின் கதையை, ஒரு மலையாள வக்கீல் உட்கார்ந்து எழுதினார். சுந்தர ராமசாமி அதைத் தமிழில் மொழிபெயர்த்தார்.

தகழியின் 'செம்மீன்' 1956-ல் வந்தது. 1957-ல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. 1965-ல் படமாக வந்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வென்றது. மீனவர் குடும்பத்துக் கதை உலகம் சுற்றியது. 1984-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசும் தகழிக்குக் கிடைத்தது.

பிறகு நடந்தது

எல்லாம் ஒரே சீராக நடந்துவிடவில்லை. சங்கத்தின் வளர்ச்சியில் முக்கியப் பங்கு கொண்ட டி.சி. கிழக்கேமுறி பின்னர் வெளியேறி, 1974-ல் 'டி.சி. புக்ஸ்' என்று சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். அவரும் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர், சுதந்திரப் போராட்டக்காரர். அந்தப் பதிப்பகம் வளர்ந்து மலையாளத்தின் மிகப் பெரிய பதிப்பகங்களில் ஒன்றாயிற்று. தனியார் பதிப்பகங்கள் முன்னே வர, கூட்டுறவுச் சங்கத்தின் பழைய செல்வாக்கு குறைந்தது.

கூட்டுறவு என்று பலகை மாட்டினால் மட்டும் பணம் கொட்டிவிடாது. கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். நிர்வாகமும் உழைக்க வேண்டும். ஆனால் அந்தச் சங்கம் போட்ட பாதை வீண் போகவில்லை. எழுத்தாளருக்கு ராயல்டி கொடுக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்ற வழக்கம் மலையாளத்தில் வேரூன்றிவிட்டது. பின்னால் வந்த பதிப்பாளர்களும் அதை ஒட்டியே நடக்க வேண்டியதாயிற்று.

இன்று எழுதுகிறவர்களுக்கு

இன்றைக்கு வசதிகள் பெருகிவிட்டன. ஈய எழுத்துக் கோத்த காலம் போய்விட்டது. ஆயிரம் பிரதி அச்சிட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைக்க வேண்டியதில்லை. ஐம்பது, நூறு என்று வேண்டிய அளவுக்கு அச்சிட்டுக்கொள்ளலாம். புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் நிறுவனம் இலவசமாகவே கொடுக்கிறது.

சட்டமும் எழுதுகிறவர் பக்கம் சில பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய மாத்திரத்தில் உரிமை எழுதியவருக்கே. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. எழுத்தாளர் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். மனைவி மக்களுக்கு அது சொத்து.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்து மூலம், கையெழுத்துடன் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடவில்லையானால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். ராயல்டி எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆகவே, 'சகல உரிமைகளும்' என்று அச்சடித்த தாளை யாராவது நீட்டினால், வாடகை வீட்டுப் பத்திரத்தைப் படிப்பது போல வரி வரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. "பணம் கட்டுங்கள், உங்கள் புத்தகத்தை நாங்கள் போடுகிறோம்" என்று வருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எத்தனை பிரதி, என்ன காகிதம், விற்பனை யார் பொறுப்பு, கணக்கு எப்போது வரும் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பணத்தைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது.

சம்பளத்தை விட வேண்டாம்

எழுதுவதற்காக இருக்கிற வேலையை உதறிவிட வேண்டுமா? கோட்டயத்துக் கதை அப்படிச் சொல்லவில்லை. காரூர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய வாத்தியார். தகழி கோர்ட்டுக்குப் போன வக்கீல். சம்பாத்தியத்துக்கு ஒரு தொழில் கையில் இருந்ததால்தான் பேனாவை அவர்களால் மலிவு விலைக்கு விற்காமல் இருக்க முடிந்தது. பசியோடு பேரம் பேசுகிறவன் தோற்றுப் போவான்.

அவர்கள் செய்தது மூன்று காரியம். எழுத்தின் உரிமையைக் கைவிடவில்லை. விற்பதை இழிவாக நினைக்கவில்லை. தனியாக முடியாததைக் கூடிச் செய்தார்கள்.

வெளிமாநிலத்துத் தமிழர்கள் சங்கம் வைப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. பொங்கல் விழாவுக்குச் சங்கம் உண்டு. சீட்டுப் பிடிக்கச் சங்கம் உண்டு. ஊருக்குப் பஸ் அமர்த்தவும் சங்கம் உண்டு. ஓர் ஊரில் எழுதுகிற பன்னிரண்டு பேர் சேர்ந்து, மாதச் சீட்டு கட்டுவது போல ஆளுக்கு ஒரு தொகை போட்டால், வருஷத்துக்கு ஒருவர் புத்தகம் வெளிவரும். விற்ற பணம் அடுத்தவர் புத்தகத்துக்கு முதலாகும். வாங்குவதற்கு அதே ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக் கதவை யாராவது போய்த் தட்ட வேண்டும்.